304இல் வைத்த திருகாணி

அடிப்பக்கம் பதினோரு திருகாணிகள்.
ஒவ்வொன்றாய்க் கழற்றி எங்கே வைப்பது?
மேசை கொஞ்சம் சாய்வு. மேலே மின்விசிறி வேறு.
பின்னால் சாவிப் பலகையின் சின்னப் பெட்டிகள்.
101இல் ஒன்று, 103இல் ஒன்று,
ஆள் வெளியே போன அறைகளாகப் பார்த்துக்
குடிவைத்தேன்.

காந்தி ரோட்டின் பின்சந்தில் எங்கள் லாட்ஜ்.
பெயர்ப்பலகையில் வங்காளம் பெரிது,
தமிழ் அதன் காலடியில்.
லேப்டாப் லாட்ஜுடையது அல்ல, என்னுடையது,
பிளஸ் டூவில் அரசாங்கம் தந்தது.
ஒரு மாதமாக உள்ளே டிக், டிக்.
பல்லி என்றுதான் முதலில் நினைத்தேன்.
ஆன் செய்துவிட்டு டீ வாங்கிவரப் போனால்
டீ ஆறிய பிறகும் சுற்றிக்கொண்டிருக்கும்
அந்த வெள்ளை வளையம்.

"புதுசு ஒண்ணு வாங்கலாமே பாய்" என்றேன்.
"சீசன் முடியட்டும்மா" என்றார் முனவ்வர் பாய்.
நோய்க்கு எது சீசன் என்று
நான் கேட்கவில்லை.

ஆயிரத்து எழுநூற்றைம்பது, என் கைக்காசு.
சீட்டுக்கட்டின் எடைகூட இல்லை.
"உள்ள எதுவும் சுத்தாது மேடம்,
அதான் ஸ்பீடு" என்றான் கடைக்காரப் பையன்.
சுற்றாமல் ஒரு வேலை நடக்கும் என்பதை
ஆஸ்பத்திரி வாசலில் பத்து வருஷமாய்
ஆட்டோக்களைப் பார்க்கிறவள்
எப்படி நம்ப?

பழைய டிஸ்க்கை உருவினேன்,
ஒத்தடத் துணிபோலச் சுட்டது.
புதியது கிளிக் என்று உட்கார்ந்தது.
பென் டிரைவில் லினக்ஸ்.
எஃப் பன்னிரண்டு அழுந்தவில்லை,
பேனா முனையால் குத்தினேன்.
தேதி 2012 ஜனவரி ஒன்று என்றது.
இருக்கட்டும்.
அன்று எனக்கு இடுப்புவலி இல்லை.

எங்கே இருக்கிறீர்கள் என்று ஒரு வரைபடம் கேட்டது.
வேலூர் இருக்கக்கூடிய இடத்தில் தொட்டேன்.
புள்ளி துள்ளிப்போய்க் கொல்கத்தாவில் நின்றது.
அழுத்தித் தொட்டேன். கொல்கத்தா.
இந்தியா முழுவதுக்கும் அந்த ஓர் ஊர்தானாம்.
தலைநிமிர்ந்து பார்த்தேன்:
ஸ்கேன் உறைகளை மடியில் வைத்துக்கொண்டு
வரவேற்பறைச் சோபாவில் ஏழு பேர்.
ஆறு பேருக்கு அந்தப் பக்கம்தான்.
தொடரவும் என்பதை அழுத்தினேன்.

அறுபத்தெட்டு சதவீதத்தில் கரண்ட் போனது.
பேட்டரி பதினோரு நிமிஷம் தாங்கும்,
தாங்கினால்.
"மார்ட்டின்!" என்று கத்தினேன்.
கொல்லையில் ஜெனரேட்டர் இருமி, இருமி,
எழுபத்தொன்றில் பிடித்துக்கொண்டது.

மூடியைப் பூட்டும்போது எண்ணினால் பத்து.
304இன் பெட்டி காலி.
அவன்தான். பத்தொன்பது நாள் பழக்கத்தில்
கைநீட்டித் தானே சாவி எடுத்துக்கொள்வான்.
மறந்துவிட்ட ஃபைலுக்காக ஓடிவந்தவன்
சாவியோடு அதையும் அள்ளிக்கொண்டு
ஓடியிருக்கிறான்.

இரவு ஒன்பதுக்கு வந்தான்.
மருந்துச் சீட்டின் கிழித்த மூலையில்
மடித்து வைத்திருந்தான்.
பாதி இந்தி, பாதித் தமிழ், மீதி கையால் சொன்னான்:
ஓபி வரிசையில் சட்டைப்பையில் தட்டுப்பட்டதாம்.
அம்மாவின் சக்கர நாற்காலியிலிருந்து விழுந்ததென்று
அம்மாவைப் பெஞ்சில் உட்காரவைத்து
நாற்காலியைக் கவிழ்த்துத்
துளை துளையாய்த் தேடினானாம்.
எல்லாம் சரியாகத்தான் இருந்ததாம்,
அதுதான் பயமாக இருந்ததாம்.

நான் சிரித்தேன். அவனும்.
பிறகு சுத்தத் தமிழில், ஒரு பிசிறில்லாமல்,
"இன்னும் நாலு நாள்" என்றான்.

புதிய ஏட்டில் முதல் வரி:
அறை 304, ஷுபோமய் மண்டல், நீட்டிப்பு.
கண் இமைப்பதற்குள் சேமித்துவிட்டது,
சந்தேகப்பட்டு இன்னொரு முறை அழுத்தினேன்.
பதினோராவது திருகாணி கடைசிச் சுற்றில் இறுகவில்லை,
மரை தேய்ந்திருந்தது.
கட்டைவிரலால் அமுக்கிவிட்டேன்.

பிரிண்டரை மட்டும் அதற்கு
இன்னும் அடையாளம் தெரியவில்லை.
ரசீதைக் கையால் எழுதிக் கொடுத்தேன்.